கெட்டா என்னோடதுதானே!

அலுவலகத்தில் அவருக்கு ‘லினக்ஸ் புலி’ என்று பெயர். அந்தத் தலைக்கனத்தில் வீட்டிலிருந்த இரண்டு கம்ப்யூட்டர்களிலும் விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸைத்தான் திணித்திருந்தார். இன்று தன் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, நடுவில் இரண்டு வெர்ஷன்களைத் தாண்டி நேராகப் புது வெர்ஷனுக்குப் போக உட்கார்ந்தார்.

“ஒவ்வொண்ணா ஏத்தணும்னு போன தடவை நீங்கதானே சொன்னீங்க?” என்றாள் மனைவி.

“அது கத்துக்குட்டிங்களுக்கு. கெட்டா என்னோடதுதானே கெடும்? நீ போய் உன் வேலையைப் பாரு.”

சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டிய கட்டட வரைபடம் பாதியில் நின்றதால், அவள் உள்ளறையிலிருந்த தன் கம்ப்யூட்டருக்குப் போனாள்.

எச்சரிக்கை மேல் எச்சரிக்கை வந்தது. எல்லாவற்றுக்கும் ‘பரவாயில்லை, தொடரவும்’ என்றே தட்டினார் புலி.

“ஏங்க, என் கம்ப்யூட்டர் ஆமை மாதிரி நகருது!”

“திறந்ததை மூடற பழக்கம் உனக்கு என்னைக்கு இருந்திருக்கு? எல்லாத்தையும் மூடு!”

ஒருவழியாக முடிந்தது. மீசையைத் தடவியபடி ரீஸ்டார்ட் கொடுத்தார்.

மடியிலிருந்த லேப்டாப் அணையவே இல்லை. திரையில் ஒரே ஒரு வரி வந்தது: ‘தொடர்பு துண்டிக்கப்பட்டது.’

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. நேற்று அவளுடைய பிரிண்டர் மக்கர் செய்தபோது, எழுந்து போகச் சோம்பல்பட்டு, இந்த லேப்டாப்பிலிருந்தே அவள் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து சரிசெய்திருந்தார். நுழைந்தவர் வெளியே வரவேயில்லை. இவ்வளவு நேரம் தட்டியதெல்லாம் அங்கேதான் போய் விழுந்திருக்கிறது.

உள்ளறையிலிருந்து அவள் ஓடி வந்தாள்.

“நீங்க சொன்ன மாதிரி எல்லாத்தையும் மூடிட்டேங்க. அப்பவும் தானா அணைஞ்சுபோச்சு, எழுந்திருக்கவே மாட்டேங்குது! நல்லவேளை, நீங்க வீட்டுல இருக்கீங்க. வந்து பாருங்க, எவன் கை வச்சான்னு!”