எலி வீட்டில் ஏசி

காரின் பானெட்டுக்கு அடியில் குட்டிகளோடு குடியிருந்த தாய் எலி, பொழுது போகாமல் ஏசி குழாயைக் கடித்து ஓட்டை போட்டிருந்தது. கார் குளிரவில்லையே என்று, கார்க்காரர் வீட்டு வாசலிலேயே ஏசி கேஸ் டப்பாவைக் குழாயில் மாட்டி நிரப்பினார். ஓட்டை வழியாகச் சீறிய கேஸ் கூட்டுக்குள் பாய்ந்தது. குட்டிகள் குளிரில் வெடவெடத்தன.

எலிக்கு ரத்தம் கொதித்தது. "பிள்ளைகள் தூங்குகிற இடத்தில் இப்படியா ஊதுவாய், பாவி!"

"இது நீ போட்ட ஓட்டைதானே, தாயே," என்றது குழாய்.

"செய்வதையும் செய்துவிட்டு என் மேலேயே பழி போடுகிறாயா?"

ஆத்திரத்தில் எலி குழாயை இன்னொரு இடத்தில் நறுக்கென்று கடித்தது. இப்போது இரண்டு பக்கமும் சீறியது.

"இன்னும் உன் வாய் அடங்கவில்லையா?" என்று எலி மூன்றாவது இடத்தைத் தேடியது.