பூஜைக்குப் பார்த்துக்கலாம்

ஒரு சின்னப் பட்டறைக்குப் புது லேத் ஒன்று வந்து இறங்கியது. அன்றைக்கு ஆயுத பூஜை. முதலாளி அதைப் பளபளவென்று துடைத்து, சந்தனம் பூசி, மாலை போட்டார். கூடவே வந்த எண்ணெய் டப்பாவை அலமாரியில் ஏற்றினார்.

"நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கேன்," என்று பூரித்தது புது லேத்.

"இன்னைக்கு அனுபவிச்சுக்கோ," என்றது பக்கத்தில் நின்ற பழைய லேத்.

மறுநாளிலிருந்து வேலை, வேலை, வேலைதான். இரும்புச் சுருள் மேலே குவிந்தது, தள்ளிவிட ஆளில்லை. மழைக்காலம் முடிவதற்குள் புது லேத்துக்குத் தொண்டை வறண்டு, கிறீச்சிட ஆரம்பித்தது.

"ஒரு நிமிஷம் நிறுத்தி எண்ணெய் விட்டுக்கறனுங்க," என்றார் லேத் ஓட்டும் பொன்னுரங்கம்.

"இப்ப எதுக்குப்பா மிஷினை நிறுத்தோணும்? ஆர்டர் நிக்குது. பூஜைக்குப் பார்த்துக்கலாம்," என்றார் முதலாளி.

"நான் நிறைஞ்சுதான் இருக்கேன், கூப்பிடத்தான் ஆளில்லை," என்றது டப்பா, அலமாரியிலிருந்து.

கோடையில் ஒருநாள் புது லேத் இறுகி நின்றுவிட்டது. முதலாளி அதைத் தடவிக் கண்கலங்கினார். "ஊர்க்கண்ணு பட்டுப்போச்சு," என்று எலுமிச்சம்பழம் வாங்கிக் கட்டினார்.

மறுபடியும் ஆயுத பூஜை வந்தது. அசையாத லேத்துக்கும் மாலை விழுந்தது. பிறகு முதலாளி அலமாரியைத் திறந்து எண்ணெய் டப்பாவை இறக்கினார். புது லேத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது.

அவர் டப்பாவைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, திறக்காத அதன் மூடிக்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார்.