சாக்கும் கையும்

சாக்கும் கையுமாகத்தான் பிடிபட்டார் மச்சான். காலை ஏழு மணிக்கு, பண்ணையின் பின்சுவர் ஓரமாக. சட்டைக் காலரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துவந்து முன்கேட்டில் தள்ளினார் பண்ணைக்காரர்.

"டாக்டரம்மா, இந்தாங்க உங்க கிருமி! ரெண்டு கால்ல நடக்குது, நல்லா பாத்துக்கோங்க!"

கொட்டிலுக்குள்ளிருந்து வந்த கால்நடை டாக்டரம்மா முகக்கவசத்தை இறக்கினார். உடம்பை மூடிய வெள்ளை உடை வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. நேற்று ஆறு பன்றிகள், இன்று காலை பதினொன்று. காது ஊதாவாகி, தீவனத்தைத் தொடாமல், கிடந்த இடத்திலேயே முடிந்துவிட்டன.

ரத்தப் பரிசோதனை முடிவும் போனில் வந்துவிட்டது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், மருந்தே இல்லாத வகை. மிச்சமிருக்கும் தொண்ணூற்றைந்தையும் இன்றைக்கே கொன்று புதைத்தாக வேண்டும். பின்னால் குழி வெட்டும் இயந்திரம் உறும ஆரம்பித்திருந்தது.

பறிகொடுக்கிறவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் இந்த மனிதரின் கோபத்துக்கு மூன்று வருடமாக ஒரே விலாசம்தான். மனைவியின் கூடப்பிறந்த அண்ணன், சுவருக்கு அந்தப் பக்கம் பண்ணை வைத்திருப்பவர். கிணற்றுத் தகராறில் பேச்சு நின்றதிலிருந்து, இவர் வீட்டில் பால் திரிந்தாலும் அதற்கு மச்சான்தான் காரணம்.

ஒன்பது நாளைக்கு முன்பு இதே நோயில் மச்சானின் பட்டி மொத்தமும் காலியாகியிருந்தது.

"தன்னோடது போச்சேன்னு வயித்தெரிச்சல்! செத்த பன்னியை வெட்டிச் சாக்குல கட்டிக் கொண்டாந்து என் சுவருக்குள்ள வீசியிருக்கான். போலீசைக் கூப்பிடுங்க. இவன் கம்பி எண்ணுறதை நான் பாக்கணும்!"

"மாப்ளே, நான் அப்படிச் செய்வேனா? உள்ள இருக்கிறது என் தங்கச்சி."

"வாயை மூடுடா!"

டாக்டரம்மா சாக்கை வாங்கி உதறினார். வெள்ளைத் தூள் பறந்தது.

"இது சுண்ணாம்புங்க."

"ஆமாம்மா," என்றார் மச்சான். "என் பண்ணைக்குக் குடுத்ததுல மிச்சம் இருந்துச்சு. இவங்களாவது தப்பட்டும்னு, கிருமி சாக சுவரோரமா தூவிட்டு இருந்தேன்."

"பாசம் பொத்துக்கிட்டு வருதாக்கும்! உன் பண்ணைக் குழியில அந்தக் காது கிழிஞ்ச தாய்ப்பன்னி எல்லாத்துக்கும் மேல மல்லாந்து கிடந்துச்சே, அப்பவே அடங்கியிருக்கணும் நீ. அடங்கலையே!"

மச்சான் தலையை நிமிர்த்தி அவரை ஒருமுறை பார்த்தார். மறுபடியும் குனிந்துகொண்டார்.

"சண்டையை அப்புறம் வச்சுக்குங்க," டாக்டரம்மாவுக்கும் பொறுமை போய்விட்டது. "கிருமி எந்த வழியா வந்துச்சுன்னு எனக்கு இப்பவே தெரியணும். இந்த ரோட்டுல இன்னும் ஏழு பண்ணை இருக்கு. வழி தெரியலைன்னா அதுங்களும் போயிடும். வெளியாள் யாராவது உள்ள வந்தாங்களா?"

பண்ணைக்காரர் வருகைப் பதிவேட்டை எடுத்து மேஜை மேல் அறைந்தார். "ஒரு மாசமா ஒரு ஈ காக்கா வரலை. தீவன லாரியையே வெளியில நிறுத்தி, டயரைக் கழுவிட்டுத்தான் மூட்டையை இறக்குறேன். வேலைக்காரங்க குளிச்சு, உடுப்பு மாத்தி, மருந்துத் தண்ணியில காலை நனைச்சாத்தான் கொட்டில். என் பண்ணையிலயா ஓட்டை தேடுறீங்க?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. வேலைக்காரர்கள் மூன்று பேரும் ஒரு நாள் தவறாமல், நேரம் போட்டுக் கையெழுத்து வைத்திருந்தார்கள்.

"சரி. இங்கேருந்து யாராவது அந்தப் பண்ணைக்குப் போனீங்களா? காலுல ஒட்டின மண்ணே போதும்."

பண்ணைக்காரர் வேலைக்காரர்கள் பக்கம் பாய்ந்தார். "எவன்டா போனது? மரியாதையா சொல்லிடுங்க, இல்லைன்னா தோலை உரிச்சிடுவேன்!"

மூன்று பேரும் இல்லை என்று தலையாட்டினார்கள். பண்ணைக்காரரின் பார்வை அடுத்தபடியாக, வாசற்படியில் நின்றிருந்த மனைவி மேல் விழுந்தது.

"அப்போ நீதானா? திருட்டுத்தனமா அண்ணனைப் பாக்கப் போயி என் குடியைக் கெடுத்தியா?"

அவளுக்கு உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்து டாக்டரம்மா ஓரடி முன்னால் வந்தார். அது அழுகை இல்லை. ஒன்பது நாளாக விழுங்கி விழுங்கி வைத்திருந்த ஆத்திரம்.

"நான் எங்க போறது? அண்ணனுக்குப் பட்டியே போச்சு, ஒரு எட்டு ஆறுதல் சொல்லிட்டு வர்றேன்னு கெஞ்சுனேன். நோயை ஒட்டிக்கிட்டு வந்துடுவேன்னு என்னை மாடி ரூம்ல வச்சுப் பூட்டுனீங்க."

"பூட்டத்தான் செய்வேன்! நூத்திப் பன்னெண்டு உசுரு இருக்கு உள்ள. உன் கால் அங்க பட்டுடக் கூடாதுன்னு பூட்டுனேன், அதுல என்ன தப்பு? கேளுங்க டாக்டரம்மா, தப்பா?"

டாக்டரம்மா பதில் சொல்வதற்குள் அவள் படியிறங்கி, கணவனுக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

"அந்த ரூமுக்கு ஜன்னல் இருக்குங்க. சுவரைத் தாண்டிப் போயி எங்கண்ணன் குழியை எட்டி எட்டி வேடிக்கை பாத்துட்டு, அதே பூட்சோட நேரா கொட்டிலுக்குள்ள போனது நீங்கதானே!"