அரிசி டின்னில் கிடந்த சீட்டு

"உள்ள போறதுக்கு முன்னால ஒத்துக்க. கள்ள அக்கவுண்ட் இருக்கா, இல்லியா?"

கனகராஜ் தன் பழைய கஞ்சில் காரை, ஈப்போ வங்கி வாசலில் நின்ற இன்னொரு காரை மறித்து நிறுத்திவிட்டுத்தான் இதைக் கேட்டான். மனைவி வீரம்மா, உப்பியிருந்த சந்தைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

"இருக்குன்னு பேங்க்ல சொல்லட்டும், அப்படியே ஹுத்தான் மெலிந்தாங் பஸ் ஏறிடு. ஒங்கண்ணன் வூட்டுல மீன் கழுவிப் பொழைச்சுக்க. என் வாசப்படிய மிதிக்கக் கூடாது."

"சரி," என்றாள். அந்த ஒற்றைச் சொல் அவனுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

சண்டை போன மாதம் தொடங்கியது. சித்தியவானில் ஒரு கல்லூரி விடுதியில் வீரம்மாவுக்குச் சமையல் வேலை கிடைத்தது. தங்க அறை உண்டு. சம்பளத்தை மட்டும் அவள் பெயரில் உள்ள கணக்கில்தான் போடுவார்களாம். "நீ அங்க ஆக்குனா எனக்கு யாரு ஆக்குறது?" என்று குதித்த கனகராஜ், அவளுடைய ஐசியைப் பிடுங்கி இரும்புப் பெட்டியில் பூட்டினான். அடையாள அட்டை இல்லாமல் எவன் வேலை கொடுப்பான், எந்த வங்கி கணக்குத் திறக்கும்?

முந்தாநாள் அவன் அரிசி டின்னுக்குள் கையை விட்டபோது பாட்டிலோடு ஒரு காகிதமும் தட்டுப்பட்டது. அவன் பிராந்தி ஒளித்து வைக்கிற இடம் அது. வீட்டில் யாருக்கும் தெரியாது என்பது ஐயாவின் நம்பிக்கை. காகிதம், இந்த ஈப்போ வங்கியில் பணம் போடுகிற சீட்டு. ஆள் பெயரும் இல்லை, கணக்கு எண்ணும் இல்லை.

கள்ளி, ஐசியைப் பூட்டுவதற்கு முன்பே கணக்குத் திறந்துவிட்டாள் என்று அவன் பல்லைக் கடித்தான். வங்கிக்குப் போன் போட்டால், பொண்டாட்டியே ஆனாலும் அடுத்தவர் கணக்கைப் பற்றிச் சொல்ல முடியாது என்று வைத்துவிட்டார்கள். வழி சொன்னவன், ஒரு காலத்தில் வங்கி வாசலில் காவலுக்கு நின்ற கூட்டாளி பத்துமலை.

"பேசிக் சேவிங்ஸ்னு ஒண்ணு இருக்கு மச்சான். ஒரு பேங்க்ல ஒருத்தருக்கு ஒண்ணுதான். நீயே கூட்டிட்டுப் போயி புதுசா தொறக்கச் சொல்லு. ஏற்கனவே இருந்தா கம்ப்யூட்டரே முடியாதுன்னு தள்ளிரும்லா."

காலையில் பெட்டியைத் திறந்து ஐசியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட கனகராஜுக்கு, தானே போலீஸ், தானே ஜட்ஜ் என்ற நினைப்பு.

வங்கிக்குள் நுழைந்ததும் வீரம்மா நேராகப் பெரிய தூணுக்குப் பின்னால் போய், அங்கிருந்த மெஷினில் நம்பர் சீட்டு எடுத்தாள்.

"மெஷின் அங்க இருக்கறது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாரும் அங்கதானே போறாங்க."

"பேசாத. இன்னும் பத்து நிமிசத்துல ஒன் வண்டவாளம் தெரிஞ்சுரும்."

கவுண்டரில் இருந்த இளம் அதிகாரியின் சட்டையில் 'ஆர்த்திகா' என்ற பெயர் அட்டை. அவள் வீரம்மாவை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சொல்லுங்க அண்ணே," என்றாள்.

"இவ பேர்ல பேசிக் சேவிங்ஸ் தொறக்கணும். ஏற்கனவே இருந்தா முடியாதுல்ல?"

"இந்த பேங்க்ல இருந்தா முடியாது. ஒருத்தருக்கு ஒண்ணுதான்."

"அதான் வேணும். நல்லாப் பாருங்க. இவ பெரிய அழுத்தக்காரி."

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீரம்மாவுக்குக் காது வரை சுட்டது. ஐசி மெஷினுக்குள் போனது. அவள் கட்டைவிரலை வைத்தாள். கனகராஜ் நாற்காலி நுனிக்கு வந்தான்.

"ஒண்ணும் இல்லண்ணே. அக்காவுக்கு இங்க இதுதான் மொத அக்கவுண்ட்."

"இருக்காது. இன்னொரு தடவ தட்டுங்க."

"தட்டிட்டேன். ஒரு கையெழுத்து, இருபது வெள்ளி. முடிஞ்சுது."

வேண்டாம் என்று எழுந்தால் இவ்வளவு பேர் முன்னால் அசிங்கம். ஏடிஎம் கார்டு தன் பையில் இருக்கும்போது கணக்கு இருந்து என்ன செய்யும் என்று தேற்றிக்கொண்டு, கனகராஜ் இருபது வெள்ளி நோட்டைத் தூக்கி எறிந்தான். புது ஏடிஎம் கார்டும் ஐசியும் வெளியே வந்ததும் கையை நீட்டினான்.

"கணக்குக்காரங்க கையிலதான் குடுக்கணும் அண்ணே," என்று ஆர்த்திகா இரண்டையும் வீரம்மாவிடம் கொடுத்தாள்.

வெளியே ஒரு ஹாரன் விடாமல் அலறியது. "கஞ்சில் சியாப்பா? யாரோட காரு?" என்று காவலாளி கதவைத் திறந்து கத்தினார்.

"ரெண்டையும் கார்ல வந்து என்கிட்ட குடுத்துரணும். மறுபடி பொட்டிக்குள்ளதான் போகும்," என்று உறுமிவிட்டுக் கனகராஜ் ஓடினான்.

வீரம்மா சந்தைப் பையைத் திறந்து, மடித்து வைத்த சேலைகளுக்கு நடுவே ஐசியையும் கார்டையும் செருகினாள். ஆர்த்திகா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போன வாரம் ஐசி இல்லன்னு அழுதுட்டுப் போனீங்களேக்கா. இந்த மனுசன் எப்படி அவரா எடுத்துட்டு வந்தாரு?"

வீரம்மா எழுந்தாள். அவள் கண் பக்கவாட்டுக் கதவில் இருந்தது. சித்தியவான் பஸ் நிற்பது அந்தப் பக்கம்.

"அன்னிக்கு இங்கேருந்து ஒரு சீட்டு எடுத்துட்டுப் போனேன். அத அவரு பாட்டில் ஒளிக்கிற எடத்துல வச்சேன்லா."