சுடுதண்ணீர்ப் பரீட்சை

மெஷின் இன்றும் கிளம்பவில்லை.

ஸ்விட்சைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து இதே கதை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பரீட்சை. மெயின்டெனன்ஸ் மேனேஜர் முரளிதரன் சார் வருவார். அவர் முன்னால் இதை ஓட வைத்துத் தண்ணீரைச் சூடாக்கிக் காட்டினால் நான் டெக்னீஷியன். பகல் டியூட்டி. காட்டாவிட்டால் இன்றைக்கே பழையபடி பம்ப் ரூம்.

பம்ப் ரூமில் இரண்டு வருடம் ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டேன். கேம்ப்பில் பகலில் தூங்க முடியாது. ரூமில் யாராவது ஒருவன் எப்போதும் போனில் ஊரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பான். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவனுக்கு இதுதான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதற்கும் தூக்கம் வரவில்லை.

சவுதியில், அல் கோபாரில் கம்பெனி புதிதாக எடுத்திருந்த வில்லாக்களுக்குத்தான் இந்த ஹீட் பம்ப். சுற்றியிருக்கிற காற்றின் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளும். கீசர் தின்கிற கரண்டில் கால்வாசி போதும். பூமிக்குப் புகையும் குறையுமாம். குளிர்காலத்துக்குள் மாட்டி முடிக்க வேண்டும் என்று ஆகஸ்டில் பயிற்சி வைத்தார்கள்.

பயிற்சிக்கு ஒரு மெஷின், ஒரு புத்தகம், சுவரில் ஒரு படம். எல்லாம் ஏதோ குளிர்தேசத்தில் செய்தவை. படத்தில் ஒரு வீடு, கூரை முழுக்கப் பனி. ஜன்னலில் கம்பளித் தொப்பி போட்ட குழந்தை சிரிக்கிறது. அதற்குக் கீழே நாங்கள் பனியனைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்திருப்போம். பயிற்சி நடக்கிற கேபினில் ஏசி செத்து ஒரு மாதமாகிறது. அந்த வரிசையில் எந்தக் கேபினிலும் ஓடவில்லை. மேனேஜர் கேபினிலும்தான்.

“குளிர்ந்த நீர் உள்ளே வருகிறது” என்று பயிற்சி கொடுக்கிற சிவசங்கரன் சார் தினமும் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார்.

இங்கே எங்கிருந்து வரும்? தண்ணீர் டாங்க் கூரைமேல் வெயிலில் கிடக்கிறது. ராத்திரியிலும் ஆறுவதில்லை. பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தால் தோல் உரிந்துவிடும். ரூமில் கீசரை அணைத்துவிட்டு, அதற்குள் தேங்கி ஆறிய தண்ணீரில்தான் குளிக்கிறோம்.

இந்த மெஷினோ, தண்ணீர் ஏற்கெனவே சூடாக இருந்தால் கிளம்பாது. அது பழுதே இல்லை. அதன் வேலையைத்தான் அது ஒழுங்காகப் பார்த்தது. சொன்னால் சிவசங்கரன் சார் மறுபடி புத்தகத்தைப் புரட்டுவார். புத்தகத்தில் ஆகஸ்ட் இல்லை.

“மாப்ள, நான் வேணா ஒரு பாத்தியா ஓதிப் பாக்கவா?” என்றான் லுக்மான். கூடப் பயிற்சி எடுப்பவன், கீழக்கரைக்காரன். அவனுக்கு எல்லாம் விளையாட்டு.

“ஓதுனது போதும். ஓடிப்போய் ஜூஸ் கடையில ஒரு கிளாஸ் ஐஸ் வாங்கிட்டு வா.”

தண்ணீரின் சூட்டை அளக்கிற சென்சார், மெஷினோடு சேர்ந்த டாங்கின் பக்கவாட்டில், விரல் நுழைகிற துளையில் செருகியிருந்தது. வயரோடு அதை வெளியே உருவினேன். லுக்மான் கொண்டுவந்த ஐஸ் கிளாஸுக்குள் போட்டேன்.

மெஷினுக்கு இப்போது ஊரெல்லாம் பனி.

உள்ளே ஏதோ இருமியது. பிறகு உறுமியது. ஃபேன் சுற்றத் தொடங்கியது. சிவசங்கரன் சார் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டார்.

தண்ணீர் ரொம்பக் கொதித்தால் பாதுகாப்புக்காக மெஷின் தானே நின்றுவிடும். அதனால் சுடுதண்ணீர்க் குழாயைக் கொஞ்சம் திறந்து வெளியே மணலுக்கு விட்டேன். ஆவி பறந்தது. முரளிதரன் சார் வந்தால் கை வைத்துப் பார்க்கட்டும் என்று குழாய்ப் பக்கத்திலேயே நின்றேன். என்ன கேட்டாலும் சொல்வதற்குப் பதில் தயாராக இருந்தது.

அவர் வந்தார். வழக்கம்போல வாசலோடு நின்று, கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். துடைத்த கை பாதியில் நின்றது.

உள்ளே வந்தார். குழாய்ப் பக்கம் வரவில்லை. மெஷினின் முன்பக்கம் போய் நின்றார்.

சூட்டைப் பிழிந்து தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சக் காற்றை மெஷின் அந்தப் பக்கமாகத்தான் ஊதிக்கொண்டிருந்தது. ஜில்லென்று.

“ஏய், கதவச் சாத்துங்கப்பா, குளிரு வெளிய போகுது.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் காத்திருந்தோம்.

“சார், சுடுதண்ணி…” என்றேன்.

“யாரு ஓட வச்சது?”

சிவசங்கரன் சார் என்னைக் காட்டினார். லுக்மானும் என்னைக் காட்டினான்.

“பாஸ். ரெண்டு பேரும் பாஸ்.” கண்ணைத் திறக்காமலே சொன்னார். “லுக்மான், நாளையிலேர்ந்து வில்லா சைட்டுக்குப் போயிடு.”

லுக்மான் என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தான். வலித்தது. நன்றாக இருந்தது. நானும் அவனும் ஒரே வண்டியில் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவதை நினைத்துக்கொண்டேன்.

முரளிதரன் சார் எழுந்தார். கிளாஸில் கரைந்துகொண்டிருந்த ஐஸைக் குனிந்து பார்த்தார். மெஷினைத் தட்டிக்கொடுத்தார்.

“இத இன்னிக்கே என் கேபினுக்கு மாத்திடுங்க. ராத்திரி பூரா ஓடட்டும். காலைல நான் வர்றப்ப ரூம் ஜில்லுன்னு இருக்கணும்.”

பிறகு என் பக்கம் திரும்பிக் கை கொடுத்தார். அவர் கை குளிர்ந்திருந்தது. வெளியே சுடுதண்ணீர் மணலுக்குள் போய்க்கொண்டே இருந்தது. அதை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

“இத ஓட வைக்கத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்ப்பா, டெக்னீஷியன். இப்பவே ரூமுக்குப் போய் நல்லாத் தூங்கிக்க.”