பின்னால் ஒருத்தி

"இதோ வந்துடறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போன பெண்ணை ஒரு மணி நேரமாகக் காணோம்.

ஹைடிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்து மடக்கு நாற்காலியில் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர் ரெனே உட்கார்ந்திருந்தாள். நாலு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு மினசோட்டாவின் இந்த ஏரிக்கரைக்கு அவள் வந்திருப்பதே ஹைடியின் மகள் அனிகாவைப் பார்த்துப் பேசத்தான். அணியில் மிச்சம் இருப்பது ஒரே ஓர் இடம்.

"ஒரு மணிக்கு நான் கிளம்பியாகணும். இன்னொரு பொண்ணையும் இன்னிக்கே பார்க்கணும்" என்று ரெனே வந்தவுடனேயே சொல்லியிருந்தாள்.

"வந்துடுவா, கோச். இங்கதான் எங்கயாவது இருப்பா."

அடுத்த வீட்டுக்காரி பெவ், பொரித்த சீஸைக் கொறித்தபடியே சொன்னாள்:

"கப்பு கைக்கு வந்துடுச்சுல்ல? இனிமே கால் தரையில பாவுமா?"

ஹைடிக்குச் சுருக்கென்றது. காலையில் இதே பெவ்தான் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கிற போட்டி. ஏரியிலிருந்து அனிகா எழுந்து வந்த வேகத்தைப் பார்த்து, கரையில் நின்ற கூட்டம் கைதட்டவே மறந்துவிட்டது. ஓட்டம் முடிந்தபோது இரண்டாவதாக வந்தவளுக்கும் இவளுக்கும் நடுவே மூன்று நிமிஷம்!

பெற்றவளுக்கே நம்ப முடியவில்லை. ஏழு வயதில் இதே ஏரியில், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு "மீன் கடிக்கும்" என்று ஊரைக் கூட்டிய குழந்தையா இது? கரடி பொம்மையை முன்கூடையில் உட்கார வைத்தால்தான் சைக்கிளே ஏறும். அப்புறம் மீனை மறந்தது. பன்னிரண்டு வயதில் அண்ணனைத் தோற்கடித்தது. பதினைந்தில், வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கும்போதுகூட, யாரும் எழுப்பாமல் எழுந்து நீச்சல் குளத்துக்குப் போனது. நம் வயிற்றில் பிறந்ததுதானா இது என்று ஹைடி எத்தனையோ நாள் மலைத்திருக்கிறாள்.

மணி பன்னிரண்டே முக்கால். புதிதாகப் பழகுகிறவர்களுக்கான சின்னப் போட்டி முடியப்போகிறது. அதில் ஏழு வயதும் உண்டு, ஐம்பது வயதும் உண்டு. எல்லோரும் வந்து சேர்ந்தாயிற்று, இன்னும் இரண்டே பேர் பாக்கி.

முன்னால் ஒரு சிறுமி. சைக்கிளை விட்டு இறங்கியும் தலைக்கவசத்தைக் கழற்ற மறந்துவிட்டாள். அழுதுகொண்டே நடந்து வந்தாள். அவளுக்குப் பத்தடி பின்னால் ஒருத்தி, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள்.

"அடக் கடவுளே, அது அனிகா இல்ல?" என்று பெவ் எழுந்தே விட்டாள். "காலையில ஜெயிச்சது பத்தலையா? கத்துக்குட்டிங்க போட்டியிலயும் புகுந்துட்டாளா? பேராசைப்பட்டா இப்படித்தான்!"

ஹைடி கயிற்றருகே ஓடினாள்.

"ஏய் அனிகா! வெளியில வாடி! கோச் கிளம்பறாங்க!"

அனிகா தாயைப் பார்த்தாள். மாட்டேன் என்று லேசாகத் தலையை மட்டும் அசைத்தாள்.

"ஒரே ஒரு இடம்டி! உன் கையாலயே கெடுத்துக்கறியே!"

சத்தம் கேட்டு அந்தச் சிறுமி திரும்பினாள். தனக்குப் பின்னாலும் ஒருத்தி தள்ளாடி வருவதைப் பார்த்தாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பிடித்தாளே ஓர் ஓட்டம்!

"அம்மா! நான் கடைசி இல்ல! நான் கடைசி இல்ல!"

கோட்டைத் தாண்டி அவள் குதித்த குதியில் கூட்டமே எழுந்து நின்று கைதட்டியது. ஹைடிக்கு மட்டும் கை எழவில்லை. அனிகா கடைசி ஆளாக வந்து சேர்ந்தாள்.

ஹைடி திரும்பி வந்தபோது ரெனே கைப்பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க, கோச். காலையில ஓடின களைப்பு. என் பொண்ணு எதுலயும் கடைசியா வந்ததே இல்ல. ஏழு வயசுல, இதே ஏரியில, முதல் போட்டியிலகூட! அன்னிக்கும் இவளுக்குப் பின்னால யாரோ ஒரு பொண்ணு நாய் மாதிரி மூச்சு இரைக்க இரைக்க வந்துச்சு. எங்க வீட்டுல இன்னிக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்."

ரெனே பையைத் திறந்தாள். அணியில் சேர்வதற்கான தாளையும் ஒரு பேனாவையும் எடுத்து ஹைடியின் கையில் வைத்தாள்.

"அவகிட்ட கையெழுத்து வாங்கிக் கொடுங்க."

ஹைடி விழித்தாள்.

"இந்த ஏரியில எந்தக் குழந்தையும் கடைசியா வரக் கூடாதுன்னு ஒரு வழக்கம் இருக்கு. காலையில ஓடினவங்கள்ல ஒருத்தரை ரகசியமா கூப்பிட்டு, பின்னால போகச் சொல்வாங்க. வீட்டுல கூடச் சொல்லக் கூடாது. என்ன ஆனாலும் பாதியில விட்டுட்டு வரக் கூடாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ரெனே சிரித்தாள்.

"அன்னிக்கு எனக்கு மூச்சு இரைக்கலைங்க. இரைக்கிற மாதிரி நடிச்சேன்."