நேரில் பார்த்தவர்

"இந்தக் கை, அந்தப் பெரிய பாடகர் கையைப் பிடிச்சுக் குலுக்கின கை" என்று தலைவர் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். ஜாஸ் ரசிகர் மன்றத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்தக் கை தூக்கப்படாத வாரமே கிடையாது.

பல் டாக்டர் வழக்கம்போல அந்தக் கையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். தலைவருக்கு எழுபத்தொன்பது, டாக்டருக்கு எழுபத்திரண்டு. மன்றத்தில் வயதுதான் பதவி. வெளியே தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு திரிகிற ஆட்கள்கூட இங்கே வந்தால் வயதில் ஒன்றிரண்டைக் கூட்டித்தான் சொல்வார்கள்.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். மெத்தை வைத்த நாற்காலிகள் உறுப்பினர்களுக்கு மட்டும். இரண்டு வருடமாக அவர் உறுப்பினராகச் சேரக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். வீட்டிலும் கடையிலும் அவர் ஜாஸ் போட்டால் இரண்டாவது நிமிடம் யாராவது நிறுத்திவிடுவார்கள். சேர்ந்து உட்கார்ந்து கேட்க ஊரில் இருப்பது இந்த ஒரே அறை. அவர் விண்ணப்பத்துக்கு இன்று முடிவு சொல்கிறார்கள்.

"உங்களுக்கு என்ன வயசு?" என்றார் தலைவர். போன வாரமும் இதையே கேட்டார்.

"நாற்பத்தாறு சார்."

"கேசட் தலைமுறை" என்றார் தலைவர், செருப்பில்லாமல் எதையோ மிதித்துவிட்டவர் போல.

"பாதி சிடி-யும் சேரும் சார்" என்று டாக்டர் எடுத்துக் கொடுத்தார்.

"நாங்க ரெக்கார்டு தலைமுறை. தூசி தட்டி, ஊசி வச்சு, மூச்சுவிடாம உக்காந்து கேட்டவங்க. நீங்க காதுல ரெண்டு பஞ்சை சொருகிக்கிட்டு பஸ்ல தூங்கினவங்க."

மருந்துக்கடைக்காரர் தலையாட்டினார். பஸ்ஸில் தூங்கியதும் உண்மைதான்.

மூலையில் மன்றத்தின் ரெக்கார்டு பிளேயரைப் பிரித்துப் போட்டு மெக்கானிக் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். போன வாரம் அது சுற்றாமல் நின்றுவிட்டது. அவருக்கும் தலை முழுக்க நரைதான், ஆனால் மெக்கானிக்கிடம் யாரும் வயது கேட்கவில்லை.

"விதி என்ன தெரியும்ல?" என்றார் தலைவர். "ஒரு பெரிய கலைஞரையாவது நேர்ல பாத்திருக்கணும். நான் பாத்தேன். ஆறடி ரெண்டு அங்குலம். மீசைன்னா அது மீசை. கச்சேரி முடிஞ்சு மேடைக்குப் பின்னாடி போனேன். தோள்ல கை போட்டு, 'தம்பி, நீதான்டா ரசிகன்'னார்."

அந்த வெளிநாட்டுப் பாடகர் இதை எந்த மொழியில் சொன்னார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அவர் பாடியதாக மன்றத்தில் இருப்பதே ஒரே ஒரு ரெக்கார்டு. லேபிள் முழுக்கத் தேய்ந்துபோய், பாடியவர் பெயரே தலைவர் வாயால்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

"நானும் அந்தக் கச்சேரியில பின் வரிசையில இருந்தேன்" என்றார் டாக்டர். போன வருடம் வரை அவர் இருந்ததில்லை.

"நீங்க?" என்றார் தலைவர்.

ஒரு பொய் சொன்னால் போதும், மெத்தை நாற்காலி கிடைத்துவிடும். மருந்துக்கடைக்காரர் அந்த மெத்தையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "இல்ல சார். நான் யாரையும் பாத்ததில்ல. இங்க நீங்க போட்டுத்தான் அவரையே கேட்டேன்."

"கேட்டு என்ன புரிஞ்சுது?"

"ரொம்பக் கனமான குரல். ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்து இழுத்து, எழுந்திருக்கவே முடியாதவர் மாதிரி. எனக்கு அழுகை வந்துச்சு சார்."

"அது ஆம்பளையோட நிதானம். உங்க தலைமுறைக்கு அது அழுகையாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, தலைவர் பேனாவைத் திறந்து விண்ணப்பத்தின் குறுக்கே 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதினார். எழுத்து மட்டும் அழகாக இருந்தது.

மருந்துக்கடைக்காரர் எழுந்தார். நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தார்.

"முடிஞ்சுது சார். ஒரு ரெக்கார்டு குடுங்க, போட்டுப் பாத்துடலாம்" என்றார் மெக்கானிக்.

"இவர் போறதுக்குள்ள அந்தப் பாடகர் ரெக்கார்டையே போடுங்க. கடைசியா ஒரு தடவை கேட்டுட்டுப் போகட்டும்" என்று தலைவர் பெரிய மனது பண்ணி, பட்டுத்துணியைப் பிரித்து அதை நீட்டினார். மற்ற ரெக்கார்டுகளில் பாதி அளவுதான் இருந்தது, நடுவில் பெரிய ஓட்டை.

மெக்கானிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிளேயரைப் பார்த்தார்.

"இதை எந்த வேகத்துல ஓட்டுவீங்க?"

"அதுல இருக்கிற வேகத்துலதான். இந்த மெஷினை வாங்கின நாள்லேர்ந்து அந்தப் பித்தானை எவனையும் தொட விட்டதில்ல" என்றார் தலைவர்.

"பெரிய ரெக்கார்டுக்கு அது சரி. இந்தச் சின்னதுக்கு வேகம் கூட வைக்கணும் சார். இத்தனை நாளா மெதுவா ஓடியிருக்கு."

"சத்தம் வந்தா சரி, போடுய்யா."

மெக்கானிக் பித்தானை 33-லிருந்து 45-க்குத் தள்ளிவிட்டு ஊசியை வைத்தார். டிரம்பெட் துள்ளிக்கொண்டு வந்தது. பின்னாலேயே குரலும் வந்தது.

டாக்டர் தலைவரைப் பார்த்தார். தலைவர் ரெக்கார்டைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

ஒன்றும் தெரியாத மெக்கானிக் தரையில் காலால் தாளம் போட்டபடி, தலைவரைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்தம்மா நல்லா பாடுறாங்க சார்."